நாலு பக்கமும் அவரு

1

இந்தக் கதை பலகைக்கு மேலே வழியாக என்னிடம் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. (வாய் திறந்து கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது டீச்சர் ஏன் என்று கேட்டதற்கும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.)

கோப்பெங் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம், எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை செய்தது. அங்கே லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். அது கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், இது போதும் என்று நின்றுவிடும். அதற்கு மேலே வரிசை முழுவதற்கும் ஒரே தகரம், ஒரே காற்று.

ஒரு மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் முத்தம்மாக்காவோடு என் அக்கா மங்களம் பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் போனவள், தலைத் தீபாவளிக்குக்கூடக் காத்திருக்காமல் திரும்பி வந்திருந்தாள். எங்களிடம் "கத்துறாரு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாதவள், முத்தம்மாக்காவிடம் சொன்னாள்:

"அந்த வீட்டுல அவரு நாலு பக்கமும் இருக்காருக்கா. எந்தப் பக்கம்னு பாத்து நான் பயப்படுறது?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

2

தொடக்கங்கள்.

"மங்களம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியபோது வானம் இருண்டு" — இருளவில்லை. நல்ல வெயில். அம்மா துணி காயப்போட்டிருந்தாள்.

"ஜெயபாலன் என்ற அந்த அரக்கன்" — இதற்குப் பிறகு வருகிறேன்.

"சத்தம் என்பது" — இதற்கு மேல் பேனா நகரவில்லை. சத்தம் என்பது என்ன என்று எனக்குத் தெரியாது. அது எங்கேயிருந்து வருகிறது என்று மட்டும் தெரியும். லயத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தால், யார் வீட்டு மூடி எந்தப் பானைமேல் விழுந்தது என்று சொல்லிவிடலாம். நம் வீட்டுச் சத்தம் பக்கவாட்டில் வரும். பக்கத்து வீட்டுச் சத்தம் மேலே ஏறித் தலைக்குமேல் இறங்கும். அதற்கும் அடுத்த வீட்டுச் சத்தம் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மெலிந்து வரும்.

இதில் ஒரு மரியாதையும் உண்டு. மேலே வழியாக வருவது உன் பெயரைச் சொல்லி வந்தால்தான் உனக்கு. இல்லையென்றால் நீ கேட்கவில்லை. முத்தம்மாக்கா இந்த மரியாதையில் பாதியை மட்டும் கடைப்பிடிப்பவள். ஒருநாள் எங்கள் அம்மா அடுப்படியில் தனக்குத்தானே, "உப்புப் போட்டேனா?" என்றாள்.

"ரெண்டு தடவ போட்டுட்டக்கா," என்று மேலேயிருந்து பதில் வந்தது. "டப்பா மூடி ரெண்டு வாட்டி கேட்டுச்சு."

குழம்பு கரிக்கத்தான் செய்தது.

3

அக்காவை ஜெயபாலனுக்குக் கட்டிக்கொடுத்தது எண்பதாம் வருஷம். அவர் தெலுக் ஆன்சன்* பக்கம் செம்பனை எண்ணெய் மில்லில் வேலை செய்தார். கல்யாணத்துக்கென்றே ஒரு புது வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். கல் வீடு. வழவழப்பான சிமெண்டுத் தரை, கண்ணாடிப் பட்டைச் சன்னல், மேலே வரைக்கும் போகிற சுவர். மேலே வரைக்கும் போகிற சுவர்! முத்தம்மாக்கா பெருமூச்சு விட்டாள். "புருசன் பொண்டாட்டி பேசுறது யாருக்கும் கேக்காதுலா. குடுத்துவச்சவ."

* இப்போது தெலுக் இந்தான் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கதை நடந்தபோது மாறவில்லை. அக்கா விட்டு ஓடிவந்த ஊருக்குப் பழைய பெயரே இருக்கட்டும்.

அவள் வந்து இறங்கிய அன்று அப்பா பிச்சைமுத்துவும் அம்மா கருப்பம்மாளும் மாறி மாறிக் கேட்டார்கள்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்லப்பா."

"அப்பறம் என்னதான் சுசா, என்ன கஷ்டம் ஒனக்கு?"

"கத்துறாரு."

"என்னன்னு கத்துறாரு?"

அக்கா யோசித்தாள். "தண்ணி கொண்டா மங்களம்னு."

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்து, வாயைப் பொத்திக்கொண்டது.

"முத்தம்மா, இது ஒன் காதுக்கு இல்ல!"

"சரிக்கா. நான் இங்க இல்ல."

அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா ஓடியாந்த? திங்கக்கிழம கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்." அம்மா சிரிக்கவில்லை. "அவளப் பாத்தீங்களா? ஒங்க விறகுக்கட்டு கீழ விழுந்ததுக்கு செவுத்தோட போய் ஒட்டுறா. அந்தாளு என்ன பண்றார்னு தெரியாம என் பிள்ளய அனுப்ப மாட்டேன்."

அம்மா சொன்னது உண்மை. பகலில் நான் பின்னாலிருந்து "அக்கா" என்றாலே துள்ளுகிறாள். அவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய் ஓர் ஆயுள் இருக்க முடியுமா, இருக்கலாமா என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது கேள்வி. இந்தக் கதைக்கும் அதுதான் கேள்வி. மற்றதெல்லாம் நான் எழுதத் தெரியாமல் சேர்ப்பது.

4

ஜெயபாலன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் தடவை எழுதியபோது அவருக்குப் பெரிய மீசை வைத்தேன். (மீசை இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டிய ஆள் அவர்.) கண்ணைச் சிவப்பாக்கினேன். அவர் பேசுகிற இடத்திலெல்லாம் "கர்ஜித்தார்" என்று போட்டேன். நல்ல கெட்டவன் ஒருத்தன் கிடைத்துவிட்டால் அக்கா இங்கேயே இருப்பாள். எனக்குத் தலை வாரிவிடுவாள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் கூட உட்கார்ந்திருக்கிற ஆள் எனக்கு அவள் ஒருத்திதான்.

இரண்டாம் தடவை அவரைத் தங்கமாக்கினேன். அது இன்னும் மோசம். தங்கமாக எழுதுவது சுலபம். எழுதிவிட்டு நான் எழுந்து போய்விடுவேன். அங்கே போய் வாழப்போகிறவள் இன்னொருத்தி.

ஆகவே இனிமேல் நான் பார்த்ததையும் என் காதில் விழுந்ததையும் மட்டும்

(இந்த உறுதிமொழியை முடிக்கவில்லை. முடித்தால் காப்பாற்ற வேண்டிவரும்.)

5

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. அப்பா நாற்காலி போட்டார். அம்மா அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நானும் அக்காவும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"மாமா, நான் வந்து..." என்றார்.

"ஆங்?" என்றார் அப்பா.

"மங்களத்த..."

"தம்பி, கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன்லா," என்றது மேலே இருந்து. "பாதிதான் வருது."

"முத்தம்மா!"

ஜெயபாலன் மச்சான் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தகரத்தைப் பார்த்து, அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து மரியாதையாகச் சொன்னார். "நான் கத்தலக்கா. சத்தியமா கத்தல. தண்ணிதான் கேட்டேன்."

அவருடைய குரல் பலகையைத் தொட்டு, மேலே ஏறி, வரிசை நெடுகப் போய்க் கரைந்துவிட்டது. சின்னக் குரல். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் இருந்தது.

அக்காவின் பிடி தளர்ந்தது. "மாரி, இது அவரு குரல்தான்," என்றாள் என் காதோடு. "பொண்ணு பாக்க வந்தப்ப இதான் கேட்டேன்."

"அப்ப அங்க?"

"அங்க வேற. பெருசா இருக்கும். முதுகுப் பக்கம் வரும். திரும்புனா அங்க ஆளு இல்ல, எனக்கு முன்னாடிதான் நின்னுருப்பாரு."

இதை அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மாப்ள, மில்லுல என்ன வேலை?"

"பாய்லர் பக்கம் அத்தே. ரொம்ப பீசிங், ஒரே இரைச்சல். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் என் காதே எனக்குத் திறக்காது. அப்ப கொஞ்சம் சத்தமா பேசியிருப்பேன்."

"காது திறக்கிற வரைக்கும் வாயத் திறக்காம இருந்தா என்னவாம்?"

அவர் அதைப் பற்றி இதுவரை யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இருக்கலாம் அத்தே," என்றார்.

அம்மா ஆரஞ்சுப் பையை வாங்கிக்கொண்டாள். "வார ஞாயித்துக்கெழம நாங்க வாரோம். வீட்ட நான் பாக்கணும்."

6

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஈப்போ வரை போய் வர வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும், பஸ் செலவு என்னுடையது.

அப்போது நான் ஈப்போவில் நைனா முகம்மது நானாவின் காசெட் கடையில் வேலைக்கு இருந்தேன். காசெட்டுகளைத் துடைத்து அடுக்குவது. வாடிக்கையாளரிடம் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்திருந்தது. அந்த வாரம் காம்பாரிலிருந்து ஒருவர் புதுசாய் வாங்கிப்போன ஸ்டீரியோ செட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் தடவையாக வந்தார்.

"நானா, இங்க பாடுனா கச்சேரி. என் வீட்டுல பாடுனா கிணத்துக்குள்ள விழுந்தவன் கத்துற மாதிரி இருக்கு."

நானா செட்டைப் போட்டுக் காட்டினார். கச்சேரிதான். "செட்டுல கோளாறு இல்ல தம்பி. வீட்டத்தான் மாத்தணும்."

"வீடும் ஒங்க கடையில வாங்கியிருந்தா மாத்திருப்பேன்!"

அவர் போன பிறகு நான் கடையைப் பார்த்தேன். பின்சுவரில் கனத்த சிவப்புத் திரை. கீழே கம்பளம். கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். இத்தனை நாளும் அது தூசி தட்டுகிற வேலையாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கடையில் தலையில் மாட்டிக் கேட்கிற ஹெட்போன் ஒன்று இருந்தது. மாட்டினால் பாடுகிறவர் எந்த அறையிலும் இல்லை. இரண்டு காதுக்கும் நடுவே, மண்டைக்குள் நின்று பாடுகிறார். நான் தலையைத் திருப்பினால் அவரும் கூடவே திரும்புகிறார். முத்தம்மாக்கா அப்படித் திரும்பமாட்டாள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் அவளுடைய வீட்டில்தான் இருப்பாள், குரல் மட்டும் காது மாறும். அதனால்தான் அவள் இருக்கிறாள் என்று நம்புகிறேன். பிற்காலத்தில் யாராவது ஒரு கருவி செய்யலாம். அதை மாட்டிக்கொண்டு அக்கா கல் வீட்டில் நிற்பாள். கண்ணுக்குக் கல் வீடு. காதுக்கு லயம். தலையைத் திருப்பினாலும் முத்தம்மாக்கா இடது பக்கத்து மேல் மூலையில், அசையாமல், உப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

(இந்தக் கருவியை வைத்தே கதையை முடிக்கப் பார்த்தேன். ஆனால் ஜெயபாலன் தண்ணீர் கேட்டால் அது எந்தக் காதில் விழும்? விட்டுவிட்டேன்.)

7

தெலுக் ஆன்சன் வீட்டு வாசலில் அம்மா தன் மூட்டையைக் கீழே வைத்தாள். பழைய சேலைகளை நாலைந்தாக மடித்துத் தைத்த கெட்டியான விரிப்புகள் அதில் இருந்தன. லயத்தில் நாங்கள் படுப்பது அதில்தான்.

மச்சான் மூட்டையைப் பார்த்துத் தயங்கினார். "அத்தே... அது பழசா?"

"துவச்சது."

"இல்ல, எங்கம்மா சொல்லியிருக்காங்க. புது வீட்டுக்குள்ள ஒரு வருசத்துக்குப் பழைய துணி, பழைய பாய் எதுவும் வரக்கூடாதாம். பழைய வீட்டுப் பீடை கூட வந்துருமாம்."

அவருடைய அம்மா காம்பாரில் மூத்த மகனோடு இருந்தார். ஆனால் அந்த வீட்டில் இல்லை என்று சொல்ல முடியாது. சம்பந்தியம்மாள் சொன்னது என்பதால் அம்மா மூட்டையைச் செருப்புகளோடு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே எல்லாம் புதிது. புது நாற்காலிகள், கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக்கோடு. புது மெத்தை, பிளாஸ்டிக்கோடு. சன்னலுக்குத் திரை இல்லை. தைத்து வைத்திருந்தார்களாம், மச்சானின் அம்மா வந்து பார்த்த பிறகு மாட்டுவதற்காகப் பெட்டியில் இருந்தது. மெத்தைமேல் உட்கார்ந்தால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்டது.

"மங்களம்!" என்று அம்மா சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள்.

கூப்பிட்டுவிட்டு வெடுக்கென்று பின்னால் திரும்பினாள். "யாரு அது என்ன அதட்டுறது?"

"யாரும் இல்லம்மா," என்றேன். என் குரல் எனக்கு முன்னால் போய், சுவரில் மோதி, டீச்சர் குரலாகத் திரும்பி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா நடு அறையில் நின்று, ஒருதரம் செருமிப் பார்த்தாள். ஒருதரம் கை தட்டினாள். தட்டல் போய் முடிவதற்குள் இன்னொன்று பிறந்து வந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் இரக்கமும் வெட்கமும் சேர்ந்து வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வீடு கோசோங்கா, வெறுமையா கிடக்கு மாப்ள. ஒங்க தொண்டையில ஒண்ணும் இல்ல."

8

அடுத்தது அம்மாவின் ஏற்பாடு. நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அக்காவை நடு அறையில் கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். மச்சானைக் காதோடு காதாக அடுப்படிக்கு அனுப்பினாள். அவர் கூப்பிட வேண்டும், அக்கா கை காட்ட வேண்டும்.

"மங்களம்," என்றது வீடு.

அக்கா தோளைக் குறுக்கிக்கொண்டு வாசலைக் காட்டினாள்.

"மங்களம்." இந்தத் தடவை படுக்கையறையிலிருந்து. அக்கா அடுப்படியைக் காட்டினாள். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். நான் கூரையைக் காட்டினேன்.

மச்சான் படுக்கையறை வாசலுக்கு வந்து, அக்காவின் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பார்த்தார். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. தோள்கள் காதுவரை ஏறி இருந்தன. அவர் அப்படியே நின்றார். அவள் பயந்துபோய் நிற்பதை அவர் முன்பும் பார்த்திருப்பார். ஆனால் எந்தப் பக்கம் பயப்படுவது என்று தெரியாமல் நிற்பதை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அடுப்படிக்குப் போனார். கத்தியோடு வந்தார். அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். அவர் நேராக மெத்தையிடம் போய், பிளாஸ்டிக்கைக் கிழித்தார். பிறகு நாற்காலிகள். பிறகு பெட்டியைத் திறந்து திரைகளை எடுத்து மாட்டினார். பிறகு வாசலுக்குப் போய், செருப்புகளுக்கு நடுவே இருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அதற்குள் அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். "ஒங்கம்மா கேட்டா?"

"நீ கொண்டாந்தேன்னு சொல்லமாட்டேன். நான் கொண்டாந்தேன்னு சொல்றேன்."

(இந்த வாக்கியத்தை அவர் சொன்னாரா, நான் சொல்லவைத்தேனா? எழுதியபோது நிச்சயமாக இருந்தது. படித்துப் பார்த்தால் என் கையெழுத்து மாதிரியே இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். "என்னமோ சொன்னாரு. நான் ஆணி தேடிட்டு இருந்தேன்," என்கிறாள். அக்காவிடம் கேட்டேன். சிரிக்கிறாள். அடிக்க மனமில்லாமல் விட்டிருக்கிறேன். நீங்கள் அடித்துக்கொண்டாலும் சரி.)

விரிப்புகளைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம், தரையில் போட்டோம். அம்மாவின் பச்சைச் சேலை, என் பள்ளிச் சீருடையின் நீலம், எல்லாம் அந்த வழவழப்பான அறையில் கண்ணைக் குத்தியது. அழகாக இல்லை. அம்மா கை தட்டினாள். தட்டல் அவள் கையிலேயே தங்கியது.

"இப்பக் கூப்பிடுங்க மாப்ள. நீ கண்ண மூடுடி."

9

முடிவு ஒன்று: அக்கா சரியாகக் கை காட்டினாள், அங்கேயே தங்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். — துணி தொங்கவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் உலகத்திலேயே சந்தோஷமான தம்பதிகள் ஜவுளிக்கடைக்காரர்கள்தான். மாலையில் மில்லிலிருந்து வருகிறவர் காது திறக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பாரா? காம்பாரிலிருந்து அவருடைய அம்மா வந்து சுவரைப் பார்க்கிற நாளில் என்ன சொல்வார்? எனக்கு இது போதவில்லை.

முடிவு இரண்டு: அக்கா எங்களோடு பஸ் ஏறினாள். இதைப் பல பக்கம் எழுதினேன். பஸ் சன்னல், அவள் என் தலையை வாரிவிடுவது, முத்தம்மாக்காவின் வரவேற்பு. நான் எழுதியதிலேயே அழகானது இதுதான். ஆகவே இதை நம்பாதீர்கள்.

முடிவு மூன்று: காம்பார்க்கார சம்பந்தியம்மாள் திடீரென்று வாசலில்

வேண்டாம்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நடந்து சில வருஷம் ஆகிறது, தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் நான் எழுதுவது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை உள்ளதை உட்கார்ந்து படித்தாள். உப்பு விஷயத்தில் சிரித்தாள். மீசைக்கு ஒரு குட்டு வைத்தாள். பிறகு சொன்னாள்: "எழுதிக்க மாரி. ஆனா நான் நின்னேனா போனேனான்னு மட்டும் எழுதாத. அது என் காலு, ஒன் கையில்ல."

அதனால் அந்த அறையில் அவள் கை நீட்டியது வரைக்கும்தான் சொல்ல முடியும். அவள் கண்ணை மூடினாள். மச்சான் ஓசைப்படாமல் நடந்து அடுப்படி வாசலில் போய் நின்றார். சத்தம் போடாமல், பேசுகிற குரலில், அவளுடைய பெயரைச் சொன்னார். அக்காவின் தோள் ஏறவில்லை. கை மெதுவாக எழுந்து, தடுமாறாமல், அவருடைய நெஞ்சுக்கு நேராக நின்றது.

அவர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தவுடன் அங்கே போய்விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அம்மாவும் "போ" என்று சொல்லவில்லை, "வா" என்றும் சொல்லவில்லை. நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

இனி நீங்கள்தான். எழுத்தில் குரலின் உயரம் இல்லை. அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் இல்லை. நீங்கள் இதைப் படிக்கிற அறையில் அது இருக்கும். உங்கள் சுவர் எப்படி, தரை எப்படி, காலையில் உங்கள் வீட்டில் யாரை எப்படிக் கூப்பிட்டீர்கள், எனக்குத் தெரியாது. மச்சான் அடுப்படி வாசலில் நிற்கிறார். அவருக்கு இன்னும் ஒரு தடவை கூப்பிட அனுமதி உண்டு. உங்கள் குரலைக் கொடுங்கள். அவள் நிற்பதோ நடப்பதோ அதைக் கேட்ட பிறகுதான்.

"மங்களம்."